கோப்பில் தமிழ் எங்கே போனது?

டி.டி.பி. கடையில் அடித்து வாங்கிய மனுவை மின்னஞ்சலில் அனுப்பிவைக்கிறார்கள். வீட்டுக் கணினியில் திறந்தால் ஒரு வரிகூடத் தமிழாக இல்லை. ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகப் பக்கம் நிறைந்திருக்கிறது. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. இன்னொரு நாள் அலுவலகத்தில் ஒரு பெயர்ப் பட்டியலை எக்செல்லில் திறக்கிறோம். அதில் வேறு விதமான குழப்பம்: தலைமேல் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்ற பதிவுச் சின்னம், அப்புறம் ஏதோ ஒரு குறி என்று மும்மூன்றாக வருகின்றன. வேறொரு படிவத்தில் பெயர் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். பழைய கைபேசிக்கு வந்த செய்தியில் காலிக் கட்டங்கள்.

நாம் இவை எல்லாவற்றையும் 'ஃபாண்ட் பிரச்சினை' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். உண்மையில் நான்கும் நான்கு வேறு கோளாறுகள். கேள்விக்குறி வந்த இடத்தில் மட்டும்தான் தமிழ் அழிந்திருக்கிறது. மற்ற மூன்றிலும் எழுதியது அத்தனையும் கோப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் தட்டச்சு செய்த கோப்புகளை 'கெட்டுப்போய்விட்டது' என்று அழித்தவர்கள் பலர். குடும்ப வரலாறும், கோயில் மலரும், பள்ளி ஆண்டு மலரும் அப்படிப் போயிருக்கின்றன.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று மனிதர்கள் கூடி ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறோம். அந்தப் பட்டியலைத் தமிழில் குறிமுறை என்கிறார்கள். விசையைத் தட்டினால் கோப்பில் எண் ஏறுகிறது. திறக்கும்போது கணினி அந்த எண்ணைப் பட்டியலில் தேடி, உரிய வடிவத்தைத் திரையில் வரைகிறது. 'ஐந்தாம் எண் பேருந்தில் ஏறுங்கள்' என்று ஒருவர் துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறார் என்று வையுங்கள். எந்த ஊர்ப் பேருந்து என்று அதில் இல்லை. மதுரையில் ஏறினால் ஓரிடம், கோவையில் ஏறினால் வேறிடம். சீட்டில் பிழை ஏதும் இல்லை. ஊர்ப் பெயர்தான் விடுபட்டுப் போயிற்று. நம் கோப்புகளுக்கு நேர்ந்ததும் இதுவே.

முதலில் உலகம் முழுக்கப் பரவிய பட்டியல் அமெரிக்காவில் 1963இல் வெளியான ஆஸ்கி. மொத்தம் 128 இடங்கள். அவற்றில் 33 இடங்கள் வரியை முடி, தாளைத் தள்ளு என்பன போன்ற கட்டளைகளுக்கு. மீதி 95இல் ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், நிறுத்தற்குறிகள். பெரிய 'ஏ'யின் எண் 65, சின்ன 'ஏ'யின் எண் 97. பின்னர் 256 எண்களைத் தாங்கும் பைட் பொதுவழக்கானபோது மேலே இன்னும் 128 இடங்கள் கிடைத்தன. அவற்றை அந்தந்த நாடு தன் தேவைக்கேற்ப நிரப்பிக்கொண்டது.

தமிழுக்கு 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகள் தனி. 1980கள் முதல் கணினிக்குத் தமிழைக் கொண்டுவர முனைந்தவர்களுக்கு எந்த நிறுவனமும் இடம் ஒதுக்கித் தரவில்லை. கனடாவில் சீனிவாசன் 'ஆதமி' என்ற மென்பொருளை எழுதினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செய்தார். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகவே கொடுத்தார். இருக்கிற ஆங்கில இடங்களிலேயே தமிழைக் குடியேற்றுவதுதான் அவர்கள் காலத்தில் திறந்திருந்த வழி. கோப்பில் ஏறுவது ஆங்கில எழுத்தின் எண். எழுத்துரு மட்டும் அந்த எண்ணுக்குத் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டும். தமிழ் எழுத்துகளை உடைத்தும் அடுக்க வேண்டியிருந்தது. துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாக வைத்து ஒட்டிக்கொள்ளலாம். கு, கூ, மு, மூ போன்றவை அப்படி ஒட்ட வராதவை; அந்த 36 வடிவங்களுக்கும் தனி இடம் வேண்டும்.

ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரின் இதழ்களிலும் தமிழ்நாட்டு டி.டி.பி. கடைகளிலும் பரவிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். தட்டச்சுப் பயிலகத்துக்குப் போனவர்களுக்கு 'யளனக' என்ற விரல் பயிற்சி நினைவிருக்கும். அந்த ய, ள, ன, க நான்கும் பாமினியில் ஏ, எஸ், டி, எஃப் விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. தட்டச்சுப் பொறியில் அவை இருந்த அதே இடம்தான் அது. பழகிய விரல்களுக்குச் சிரமம் இல்லாமல் இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. அதே கணக்கில் 'த' ஜே விசைக்கும் 'ம' கே விசைக்கும் வந்தன. இகரக் குறிக்குப் பி, 'ழ'வுக்கு ஓ, புள்ளிக்கு அரைப்புள்ளி. ஆகவே பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் ஏறுவது 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்கள். பாமினி எழுத்துரு உள்ள கணினி அவற்றைத் தமிழாக வரைகிறது. அது இல்லாத கணினி ஆஸ்கியைப் பார்த்து ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரைகிறது. இரண்டுமே அதனதன் பட்டியலுக்கு உண்மையாகத்தான் நடந்துகொள்கின்றன.

பட்டியல் ஒன்றாக இருந்திருந்தால் இந்தக் குழப்பம் சில ஆண்டுகளில் தீர்ந்திருக்கும். ஆனால் எழுத்துரு விற்ற ஒவ்வொரு நிறுவனமும் தன் பட்டியலைத் தானே போட்டுக்கொண்டது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் ஸ்ரீலிபியும் செந்தமிழும் இளங்கோவும், இதழ்களில் அவரவர் வைத்திருந்தது. இவற்றை ஒன்றாக்கத் தமிழர்கள் பட்ட பாடு நன்றியோடு சொல்ல வேண்டியது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று 1997இல் தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டினார். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்துத் திஸ்கி என்ற பொதுப் பட்டியலை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற இரண்டு குறிமுறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. பொதுத்தரம் வேண்டும் என்று கூடியவர்கள் கையிலிருந்தே இப்படி மூன்று பொதுத்தரங்கள் பிறந்தது வருத்தம்தான். ஆனாலும் இணையத்தின் முதல் தமிழ்த் தலைமுறை அவற்றின் மேல்தான் நின்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்கள் தொட்டு எத்தனையோ நூல்களைத் திஸ்கியில் ஏற்றிப் பின்னர் ஒருங்குறி என்ற இன்றைய உலகப் பட்டியலுக்கு மாற்றியது.

அப்படி மாற்ற முடிகிறது என்பதே ஒரு நல்ல செய்தி. பழைய பட்டியல் கையில் இருந்தால் எண்ணுக்கு எண் தேடிப் புதிய எண்ணைப் போட்டுவிடலாம். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி போன்றவை செய்வது இதைத்தான். ஆனால் கோப்பில் எழுத்துருவின் பெயரே இல்லாமல் வெறும் அரைப்புள்ளிக் காடாக வந்தால் எந்தப் பட்டியல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கே ஒரு பழைய அறிவு கைகொடுக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, மறைகுறியாக எழுதிய கடிதத்தில் எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் மறைந்திருக்கும் எழுத்தைப் பிடித்துவிடலாம் என்று காட்டினார். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடியும் சில அரிதாகவும் வரும். குறியை மாற்றினாலும் இந்த விகிதம் மாறாது. தமிழில் புள்ளி இல்லாத வாக்கியத்தை எழுதுவது மிகக் கடினம். எனவே ஆங்கிலம் போலத் தோன்றும் ஒரு கோப்பில் சொல்லுக்கு ஒன்றிரண்டு அரைப்புள்ளி இருந்தால், சொல்லின் நடுவிலும் அவை வந்தால், அது ஆங்கிலமாக இருக்க வாய்ப்பே இல்லை. அரைப்புள்ளி அங்கே புள்ளியின் வேலையைச் செய்கிறது. பாமினி என்று சந்தேகிக்க அது போதும்.

சந்தேகத்தை உறுதிசெய்ய இலக்கணம் உதவுகிறது. தனி மெய் சொல்லின் முதலில் வராது. ண, ழ, ள, ற, ன ஆகியவையும் அப்படித்தான். புள்ளிக்கு மேல் புள்ளி கிடையாது. ஒரு பட்டியலைப் போட்டு மாற்றிப் பார்க்கும்போது சொல்லுக்குச் சொல் இந்த விதிகள் மீறப்பட்டால் அந்தப் பட்டியல் தவறு. அடுத்ததை எடுக்க வேண்டும். சரியான பட்டியல் கிடைத்ததும் மீறல்கள் சட்டென்று குறைந்துவிடும், கடன்சொற்களில் மட்டும் ஒன்றிரண்டு மிஞ்சும். தொல்காப்பியர் வகுத்த மொழிமுதல் விதி இன்று கெட்டுப்போன கோப்பைச் சோதிக்கும் கருவியாகப் பயன்படுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இந்த ஊர்க்குழப்பத்துக்கெல்லாம் முடிவாக வந்தது ஒருங்குறி, அதாவது யூனிகோடு. உலக மொழிகளின் எல்லா எழுத்துகளுக்கும் ஒரே பட்டியல், ஓர் எண்ணுக்கு ஒரே எழுத்து. முதல் பதிப்பு 1991இல் வெளியானபோதே தமிழ் அதில் இருந்தது. நமக்கு ஒதுக்கியது 128 இடங்கள். அதற்கு மாதிரியாகக் கொண்டது இந்திய அரசின் இஸ்கி என்ற குறிமுறையை. அது எல்லா இந்திய மொழிகளையும் ஒரே அடுக்கில் வரிசைப்படுத்தியது. அந்தத் தடத்தை இன்றும் பார்க்கலாம். ஒருங்குறியில் 'க'வின் எண் 2965. அடுத்த எழுத்தான 'ங'வின் எண் 2969. நடுவே மூன்று இடங்கள் காலி. இந்தியில் 'க'வுக்கும் 'ங'வுக்கும் இடையே மேலும் மூன்று ககரங்கள் உண்டல்லவா, அவற்றுக்கு நேரான இடங்கள் அவை.

ஒருங்குறி கொண்டுவந்த பெரிய மாற்றம், எழுத்தையும் அதன் வடிவத்தையும் பிரித்தது. பழைய எழுத்துருக்களில் எண் என்றால் ஒரு வடிவத் துண்டு. ஒருங்குறியில் எண் என்றால் எழுத்து. எப்படி வரைவது என்பது எழுத்துருவின் பொறுப்பு. 1978இல் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, னை ஆகியவற்றில் இருந்த துதிக்கை போன்ற வளைவு போயிற்று. ஒருங்குறியில் இதற்காக ஓர் எண்ணைக்கூட மாற்ற வேண்டியதில்லை. பழைய வடிவம் வரையும் எழுத்துருவைத் தேர்ந்தால் அதே கோப்பு பழைய முறையில் தெரியும். புதியதைத் தேர்ந்தால் புதிய முறையில் தெரியும்.

'தமிழ்' ஒருங்குறியில் 2980, 2990, 3007, 2996, 3021. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்ற வரிசை. 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். பாமினியில் அதே வரிசையில்தான் அடிக்க வேண்டும், கோப்பிலும் அப்படியே ஏறும். ஒருங்குறியில் முதலில் க, அடுத்து ஒகரக் குறி. உச்சரிக்கும் வரிசையில் சேமித்துவிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் கணினி கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கிறது. இந்த வேலையைச் செய்யும் நிரல் சாதாரணக் கணினிக்கு விண்டோஸ் 2000உடன்தான் வந்தது. அது சரியாக வேலை செய்யாத இடத்தில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதையும், புள்ளி விலகித் தனியே உட்கார்வதையும் விளம்பரப் பலகைகளில்கூடப் பார்த்திருப்பீர்கள்.

இனி எக்செல்லில் வந்த அந்தச் சாய்கோட்டு 'ஏ'க்கு வருவோம். ஒரு பைட்டில் 255க்கு மேல் எண் கொள்ளாது. 2965ஐ எப்படி எழுதுவது? 1992 செப்டம்பரில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்ஸனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தட்டுக்கு அடியில் விரித்திருந்த தாளில் தாம்ஸன் ஒரு திட்டத்தை வரைந்தார். யூடிஎஃப்-8 என்று இன்று இணையத்தின் பெரும்பகுதியைத் தாங்கும் முறை அதுதான். ஆங்கில எழுத்துக்கு முன்போலவே ஒரு பைட். மற்றவற்றுக்கு இரண்டு, மூன்று அல்லது நான்கு. முதல் பைட்டைப் பார்த்தாலே பின்னால் எத்தனை வரும் என்று தெரிந்துவிடும். 224 முதல் 239 வரை இருந்தால் மொத்தம் மூன்று. தொடர்ந்து வரும் பைட்டுகள் எப்போதும் 128க்கும் 191க்கும் இடையில்தான் இருக்கும். கோப்பின் நடுவில் எங்கே குதித்தாலும் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று கண்டுகொள்ளலாம். வேறு பட்டியலில் எழுதிய கோப்பு தற்செயலாக இந்த ஒழுங்குக்குள் நீண்ட தூரம் பொருந்தாது. ஆகவே ஒரு கோப்பு யூடிஎஃப்-8தானா என்று மென்பொருள் ஏறக்குறைய உறுதியாகவே சொல்லிவிடும்.

தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது மட்டுமே எழுத்துக்கு எழுத்து மாறும். 'க' என்றால் 224, 174, 149. இந்தக் கோப்பை எக்செல் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய விண்டோஸ் பட்டியலை வைத்துப் பைட் பைட்டாகப் படித்தால் என்ன தெரியும்? அந்தப் பட்டியலில் 224 என்பது சாய்கோடு போட்ட 'ஏ'. 174 என்பது வட்டத்துக்குள் 'ஆர்'. 175 என்பது மேலே ஒரு சிறு கோடு. சாய்கோட்டு 'ஏ'யும் இவற்றில் ஒன்றும் வரிக்கு வரி ஜோடியாக வந்தால் அது உறுதியாகத் தமிழ், அதுவும் ஒருங்குறித் தமிழ். பதற வேண்டியதே இல்லை. எக்செல்லில் நேரடியாகத் திறக்காமல் 'டேட்டா' பட்டி வழியாகக் கோப்பை உள்ளே கொண்டுவந்து, கோப்பின் மூலம் என்ற இடத்தில் 65001 என்று குறித்த யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தால் பெயர்கள் எல்லாம் தமிழில் வந்து நிற்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. அந்தக் குழப்ப நிலையிலேயே 'சேமி' என்று அழுத்திவிடாதீர்கள். பழைய விண்டோஸ் பட்டியலில் ஐந்து இடங்கள் காலியாக விடப்பட்டவை: 129, 141, 143, 144, 157. தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் குறியின் மூன்றாவது பைட் 129. 'ஏ'வுக்கு 143, 'ஐ'க்கு 144. காலி இடத்து எண்ணைச் சில மென்பொருள்கள் எடுத்து எறிந்துவிடும். பின்னர் என்ன செய்தாலும் புள்ளிகளும் உகரங்களும் திரும்பாது. மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு மறுபடி திறப்பதே பாதுகாப்பு.

கேள்விக்குறிகள் வேறு வகை. தமிழுக்கு இடமே இல்லாத பட்டியலில் ஒரு மென்பொருள் தமிழைச் சேமிக்க முயன்றால், தெரியாத ஒவ்வோர் எண்ணுக்கும் 63ஐ எழுதிவிடுகிறது. 63 என்பது கேள்விக்குறி. 'தமிழ்' ஐந்து கேள்விக்குறியாகும், 'கனவு' நான்காகும். எத்தனை எண்கள் இருந்தன என்பது மட்டும் மிஞ்சும். இதை மீட்க வழி இல்லை. தமிழ்ப் பெயரைப் பெறும் படிவத்தையும் தரவுத்தளத்தையும் வடிவமைக்கிறவர்கள் முதல் நாளே ஒருங்குறிக்கு இடம் செய்யாவிட்டால் நேர்வது இதுதான், அதைப் பொறுப்பின்மை என்றே சொல்வேன். காலிக் கட்டம் வந்தால் கவலையே வேண்டாம். எண் சரியாக இருக்கிறது, வரைய எழுத்துரு இல்லை என்று பொருள். தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவினால் கட்டங்கள் எழுத்தாகிவிடும்.

ஒருங்குறி வந்ததோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 'கௌதம்' என்ற பெயரை எழுதும்போது பலர் கொம்பு போட்ட 'கெ', அதன் பக்கத்தில் 'ள' என்று தட்டிவிடுகிறார்கள். அச்சில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அது 'கெளதம்', வேறு சொல். பட்டியலில் தேடினால் ஒருவர் கிடைப்பார், மற்றவர் கிடைக்கமாட்டார். 'கொ'வுக்கும் இப்படி இரண்டு வழி உண்டு: ஒகரக் குறி ஒரே எண்ணாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. ஆனால் இந்த இரண்டும் சமம் என்று ஒருங்குறியே விதித்திருப்பதால் நல்ல மென்பொருள் அதைச் சரிசெய்துகொள்ளும். கொம்பும் ளகரமும் ஔகாரத்துக்குச் சமம் என்று எந்த விதியும் இல்லை, இருக்கவும் முடியாது. 'தெளிவு' என்ற சொல் கெட்டுவிடும். இதை எழுதுகிறவர்தான் கவனிக்க வேண்டும்.

குறுஞ்செய்தியில் இன்னொரு இழப்பு. ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கிலத்தை ஏழேழு பிட்டாக நெருக்கி அடுக்கினால் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு ஒவ்வோர் எண்ணும் 16 பிட், ஆகவே 70தான். அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனிக் கணக்கு. வரிசைப்படுத்துவதிலும் சிக்கல். ஒருங்குறியில் ர, ற, ல, ள, ழ, வ என்ற அடுக்கு. நம் நெடுங்கணக்கு ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருளில் 'வள்ளி' 'ழ'வுக்குப் பின்னால் போய்விடுவாள். தமிழ் வரிசைக்கான தனி அட்டவணையைச் சேர்த்தால் இது தீரும்.

இந்தக் குறைகளைக் காட்டி, 247 எழுத்துக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று தமிழறிஞர்கள் பலர் வாதாடினார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. நம் இலக்கணத்தில் 'கி' ஓர் எழுத்து, இரண்டு துண்டு இல்லை. 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தபோது, அது இயங்காத இடங்களுக்கு மாற்றாக 16 பிட் கொண்ட டேஸ் குறிமுறையையும் ஏற்றது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் ஒருங்குறிக்குள் அப்படி மாற்றும் காலம் கடந்துவிட்டது. கொரிய மொழிக்கு ஒருமுறை அப்படி நடந்தது. 1996இல் வந்த இரண்டாம் பதிப்பில் கொரிய அசைகளைப் பழைய இடத்திலிருந்து பெயர்த்து, 11,172 அசைகளாகப் புதிய இடத்தில் வைத்தார்கள். அதற்குள் எழுதியிருந்த கொரியக் கோப்புகள் பொருளிழந்தன. அந்தச் சேதத்தைப் பார்த்த பின்னரே, கொடுத்த எண்ணை இனி எந்நாளும் நகர்த்துவதில்லை என்று ஒருங்குறி அமைப்பு கொள்கை வகுத்தது. அந்தக் கொள்கை நமக்கு நல்லது என்பது என் முடிவு. வரிசையையும் இடத்தையும் மென்பொருள் சரிசெய்யும். எண் நகர்ந்தால் இதுவரை தமிழில் எழுதிச் சேர்த்த அத்தனையும் ஒரே நாளில் பாமினிக் கோப்பின் கதிக்கு வந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் ஏன் நிற்கின்றன? அடிப்படைக் காரணம் பக்க வடிவமைப்பு மென்பொருள். கடைகள் நம்பியிருந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது; கொம்பை முன்னால் வைக்கும் வித்தை அதற்குக் கடைசிவரை தெரியாது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனும் 2012இல்தான் இந்திய எழுத்துகளைக் கற்றது. அதற்குள் ஒரு தலைமுறைத் தொழிலாளர்களின் விரல் பழைய விசைகளில் பழகிவிட்டது. அழகழகான தலைப்பு எழுத்துருக்களும் பழைய குறிமுறையிலேயே குவிந்திருந்தன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு கடுமையானது. பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் தாளில் அழகாகத் தெரியும். ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் அரைப்புள்ளிகள் கொட்டும். உள்ளே இருப்பது எழுத்தின் வடிவம் மட்டுமே, எழுத்து இல்லை. அதில் ஒரு பெயரைத் தேட முடியாது. பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் அதை ஜே, கே, பி என்று வாசிக்கும். தாய்மொழியில் எழுதிய ஓர் ஆணையைத் தானாக வாசிக்கும் வசதி இப்படி ஒரு குடிமகனுக்கு மறுக்கப்படுகிறது.

புத்தகமோ விழா மலரோ அச்சிடக் கொடுப்பவர்கள் பணம் கொடுக்கும்போது பிடிஎஃப்போடு ஒருங்குறி உரைக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பழைய குறுந்தகட்டிலும் பென்டிரைவிலும் பாமினியிலோ வானவில்லிலோ அடித்த கோப்புகள் இருந்தால், எந்த எழுத்துருவில் அடித்தது என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, அந்த எழுத்துருக் கோப்பையும் பக்கத்தில் நகலெடுத்து வையுங்கள். மாற்றியில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்த பிறகும் மூலத்தை அழிக்காதீர்கள். அடித்தவருக்கு எழுத்துருவின் பெயர் நினைவிருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.